விலகல் ஜெபம்

ஆமான்னு சொல்லிட்டா என்ன குறைஞ்சுடப் போகுது? வாயைத் திறந்து ஒரே ஒரு சொல். இத்தனை வருஷமா என்னைக் கேக்காமலே நடந்ததுதானே. சொன்னா இந்தத் தோள்பட்டை ஆறும். அத்தை மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டாங்க. சபையில எல்லாரும் கைதட்டுவாங்க. சொல்லிடலாம். ஆனா சொல்லணும்னு நெனைக்கிறப்பவே நாக்கு ஏன் இப்படி உள்ளே இழுத்துக்குது?

நீராவி முகத்தில் அடித்தது. அவள் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்றாள். எதிர்முனைகள் கூட வேலை பார்க்கும் நெட்டையின் கையில் இருந்தன. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஒரே மூச்சில் உதறி, ஒரே மூச்சில் இழுத்து, பிறகு ஒருத்தி மற்றவளை நோக்கி நடந்துபோய் முனைகளை ஒப்படைக்க வேண்டும். இழுத்தபோது அவளுடைய தோளில் ஏதோ சுண்டியது. துணி கையை விட்டு நழுவ, நெட்டை தடுமாறிப் பின்னால் போய்க் கூடையில் இடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எந்தக் கதவு?" என்று கேட்டாள் நெட்டை.

அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"போன வாரம் குளியலறைக் கதவு. அதுக்கு முந்தி அலமாரிக் கதவு. உங்க வீட்டுக் கதவுங்களுக்கெல்லாம் ரொம்பத்தான் கோவம் வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலாவிலும் வலித்தது. நெட்டை குனிந்து துணியை எடுத்து உதறினாள். அறுவைக்கூடத்திலிருந்து வந்த துணி அது. காலையில் வந்து இறங்கும்போது பாதி சிவப்பாக இருந்தது. ரத்தக்கறையை முதலில் பச்சைத்தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சுடுநீரில் போட்டால் கறை துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தச் சோப்புக்கும் மசியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அப்படி ஒரு மூட்டையையே பாழாக்கியிருக்கிறாள்.

நெட்டைக்கு எல்லாம் தெரியும். ஒரேயடியாகச் சொன்னதில்லை, மடிப்புக்கு மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. எனக்குச் சாமியும் இல்ல, புருஷனும் இல்ல, ரெண்டு தொல்லை மிச்சம் என்று நெட்டை எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். ஆனாலும் இந்த விலகல் சமாசாரத்தைக் கேட்ட நாளிலிருந்து அவளால் அதை விட முடியவில்லை.

இவளும் புருஷனும் போகும் கிறிஸ்தவ சபை சிறியது. டயர் கடைக்கு மேலே, ஒரு காலத்தில் கிடங்காக இருந்த நீளமான கூடத்தில் கூடுகிறது. பாட்டு நின்றால் கீழே சக்கரம் கழற்றும் சத்தம் கேட்கும். பெரிய காரியத்துக்காக மன்றாடும் கணவனும் மனைவியும் கொஞ்சகாலம் படுக்கையைப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். அதற்கு விலகல் என்று பெயர். கர்த்தர் கல்யாணத்தைக் கொடுத்தார், உடம்பைக் கொடுத்தார், உடம்பின் சந்தோஷத்தையும் அவரே கொடுத்தார், அதில் அசுத்தம் ஒன்றும் இல்லை என்பது போதகரின் போதனை. நல்லதை நல்லதற்காகக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைப்பதுதான் விலகல், வெறுத்து ஒதுக்குவது அல்ல என்பார். அதனால் ஒருவர் மட்டும் முடிவு செய்தால் அது செல்லாது. இருவரும் சபை முன்னால் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

முடிக்கும்போதும் இருவரும் வரவேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது அவளுடைய புருஷன்தான்.

அவர் சபையை மேற்பார்க்கும் மூப்பர்களில் ஒருவர். வண்டிகளின் நசுங்கலை எடுக்கும் பட்டறை வைத்திருந்ததால் டிங்கர் மூப்பர் என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனும் அவன் பெண்டாட்டியும் விலகல் எடுத்தார்கள். விலகல் நடந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நினைத்திருந்தபோது அந்தப் பெண்ணின் வயிறு காட்டிக்கொடுத்தது. டிங்கர் மூப்பர் இருவரையும் ஆராதனை நடுவில் எழுப்பி நிறுத்தினார். நான்தான் போதும்னு முடிவு பண்ணினேன், அவ மேல தப்பு இல்ல என்றான் அவன். நீ யாருப்பா தனியா முடிவு பண்ண, ரெண்டு பேரா ஆரம்பிச்சதை ரெண்டு பேரா வந்து இங்க சொல்லி முடிக்கணும் என்று மூப்பர் கூடம் அதிரப் பேசினார். எலக்ட்ரீஷியன் அவமானத்தில் பெண்டாட்டியை அங்கேயே கன்னத்தில் அறைந்தான். அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைந்ததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் சபைக்கு வரவில்லை. விதி மட்டும் நின்றது.

போன வருஷம் பட்டறையில் தேய்ப்பு மெஷினிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்கு மூப்பரின் வலது கண்ணில் பாய்ந்தது. பார்வை திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு சபைக்கு வந்தவர், பாட்டு முடிந்ததும் எழுந்து, கண் தெரியும்வரை நாங்கள் விலகல் எடுக்கிறோம் என்றார். பெண்கள் பக்கம் வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து அவளது கையையும் உயர்த்தினார். சபை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. போதகர் இருவரையும் ஆசீர்வதித்தார்.

அன்றைக்கு அவள் மனதில் இருந்தது பயம் மட்டும்தான், அவருடைய கண்ணைப் பற்றிய பயம். நிஜமாகவே ஜெபித்தாள். அவர் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். அறையில் அவள் தனியாகப் படுத்தாள். முதல் சில நாள் சுவரோரமாக, இருக்கிற இடம் தெரியாமல் சுருண்டுதான் படுத்தாள். பிறகொரு நாள் விழித்துப் பார்த்தால் கட்டில் முழுக்கக் கையும் காலும் பரந்து கிடந்தன. யாரோ வேறொருத்தி வந்து படுத்திருப்பதுபோல் இருந்தது. அந்த வேறொருத்தியை அவளுக்குப் பிடித்திருந்தது.

அவர் பெண்பித்தர் இல்லை. இன்னொருத்தியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதை அடிக்கடி சொல்லியும் காட்டுவார். கட்டிலுக்கு வருவதற்கு முன்னால் முழங்கால் போட்டு ஜெபிப்பார். அதன் பிறகு அவள் காய்ச்சல் என்றாலும் கேட்பதில்லை. அடுத்த அறையில் அம்மா படுத்திருப்பதால் உள்ளங்கையால் அவளுடைய வாயைப் பொத்திக்கொள்வார். மூச்சு திணறி அவள் தலையைத் திருப்பினால் முடியைப் பிடித்து நேராக்குவார். ரவிக்கை மூடும் இடங்களில்தான் கன்றிப்போகும். மனைவியின் உடம்பு மனைவிக்குச் சொந்தமில்லை என்பார். அவள் அதை நம்பினாள். நம்பியதால்தான் பொறுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே மாம்சம் என்று கல்யாணத்தில் சொன்னார்களே, அப்படியானால் வலிக்கிறபோது இவருக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டாமா என்று மட்டும் அப்போதெல்லாம் தோன்றும். தோன்றியதைப் பாவமென்று எண்ணி மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஆசையே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். நசுங்கிய தகட்டின் மேல் அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். அதைப் பார்த்தபடி நிற்கும்போது அவள் உடம்பு சூடாகும். அந்தக் கை ஒரு நாளாவது அப்படி மெதுவாகத் தன் முதுகில் ஊர வேண்டும் என்று நினைத்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூட.

கண் மெல்லத் தேறியது. ஒரு சாயங்காலம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, மருந்து டப்பாவில் இருந்த பொடி எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். அம்மாவைக் கட்டிக்கொண்டார். மாமியார் அழுதார். அவளுக்கும் கண் நிறைந்தது. அப்போது அவர் அவளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ஞாயித்துக்கிழமை போய் முடிச்சுடுவோம் என்றார்.

அடுப்பில் பருப்பு பொங்கியது. அவள் போய் இறக்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் கேட்டபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. கால் எழவில்லை என்பதுதான் உண்மை. உடம்பு சரியில்லை போல, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போதகர் சிரித்துச் சமாளித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி முதல் அடி விழுந்தது. சாப்பாட்டுத் தட்டோடு அவள் சுவரில் போய் மோதினாள். அடுத்த வாரமும் எழவில்லை. அந்த வாரம் இடுப்புவாரை எடுத்தார். அதற்கடுத்து அவளைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்.

ஆனால் கட்டிலுக்கு வரவில்லை. விதியை உண்டாக்கினவரே விதியை மீறுவது எப்படி? எலக்ட்ரீஷியனை நிறுத்திய இடத்தில் தானும் நிற்க முடியாது. அடித்து முடித்துவிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். அவர் புரண்டு புரண்டு படுப்பது அறைக்குள் கேட்கும். அவள் வலியோடு கையைக் காலை நீட்டிப் படுத்துக் கிடப்பாள்.

ஒரு நாள் மாமியார் அவளுடைய முதுகில் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கிற கையும் திட்டுகிற வாயும் ஒரே சமயத்தில் வேலை செய்யும் மனுஷி அவர்.

"பிடிவாதம் உனக்கு. எருமைப் பிடிவாதம். அவன் ஆம்பளை, எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பான்?"

"கட்டில்ல வந்தாலும் இதே வலிதான் அத்தை."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. மாமியார் தைலப் புட்டியின் மூடியைத் தேடித் திருகினார்.

"அவங்கப்பாவும் அப்படித்தான்," என்றார். "எங்க காலத்துல விலகல் கிலகல்னு ஒண்ணும் கிடையாது. இருந்திருந்தா நானும் முடிச்சிருக்க மாட்டேன்." உடனே எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "நான் சொன்னேன்னு அவன்கிட்ட ஒளறி வைக்காதே. ஞாயித்துக்கிழமை ஒழுங்கா எந்திரிச்சு ஆமான்னு சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குச் சலவைக்கூடத்தில் விடுமுறை. மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். முன்பக்கம் மொத்தமாக நசுங்கிய ஒரு கார் நடுவில் நின்றது. கண்ணாடிச் சில்லுகளை இன்னும் யாரும் பெருக்கவில்லை. இருக்கையில் காய்ந்த ரத்தம். எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் இனிப் போகாது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது.

அவர் காரின் பக்கத்தகட்டுக்கு உள்ளிருந்து இரும்புக் கட்டையை அணைகொடுத்து, வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சுத்தியலோடு போய்ப் பட்டறைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். சாப்பாட்டுப் பையை வாங்கி ஓரமாக வைத்தார். அவருடைய குரல் சாந்தமாகத்தான் இருந்தது.

"நாளன்னைக்கு என்ன சொல்லப் போறே?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"சபையில என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க. மூப்பர் பொண்டாட்டிக்கே மூப்பர் வேண்டாமாம்னு. என்ன குறை வச்சேன் உனக்கு? குடிக்கிறேனா? வேற எவகிட்டயாவது போறேனா? இத்தனை மாசமா உன் மேல என் விரல் பட்டுச்சா? சொல்லு."

"நேத்து பட்டுச்சுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினார், கணக்கில் தப்புப் பண்ணிய பிள்ளையைத் திருத்துவதுபோல.

"அது வேற. அடிக்கிறதெல்லாம் விலகல்ல வராது."

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அதைக் கேட்டதும் அவளுக்குள் பல நாளாகக் கலங்கிக் கிடந்த ஏதோ ஒன்று தெளிந்தது. தொடுவதற்கு இவர்களிடம் விதி இருக்கிறது, காலம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. அடிப்பதற்கு எதுவும் இல்லை. அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம்.

"அப்படின்னா அது விலகலே இல்லைங்க," என்றாள்.

அவர் அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தார். இரும்புக் கட்டையின் மேல் வைத்து அழுத்தினார். சொல்லுவியா என்று கேட்டார். சுத்தியல் முதலில் விரல்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. இரும்பில் இரும்பு மோதிய அதிர்வு முழங்கைவரை ஏறியது. சொல்லுவியா என்று மறுபடி கேட்டார். பயத்தில் அவளுக்குச் சிறுநீர் பிரிந்து காலில் வழிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த அடி மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் இறங்கியது.

அந்தச் சத்தம் ஈரக்குச்சி முறிவது போல இருந்தது. தன் வாயிலிருந்து வந்த ஓலத்தை அவள் வேறு யாருடையதோ என்று நினைத்தாள். விரல்கள் இருந்த இடத்தில் தோல் பிளந்து வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பிறகு ரத்தம் அதை மூடியது. அவர் சுத்தியலைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயோ ஐயோ என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, அழுக்குத் துணியால் அவளது கையைச் சுற்றி, அவளை அணைத்துப் பிடித்து, அவள் வேலை பார்க்கும் அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவள் கூந்தலைக் கோதிக்கொண்டே வந்தார். கார்க் கதவில் விரல் மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் அவர்தான் சொன்னார்.

மறுநாள் போதகரம்மா வார்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்திருந்தார். நடந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. படுக்கையோரம் உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்தபடி, நாளைக்கு டாக்டர் விட்டால் சபைக்கு வந்துவிடு என்றார். ரொம்ப நாள் பிரிந்திருந்தால் சோதனை வரும் என்று வேதத்திலேயே எச்சரிப்பு இருக்கிறது, போதகரும் கவலைப்படுகிறார் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, நம்ம உடம்பு நமக்குச் சொந்தமில்லையேம்மா என்றார்.

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"வேதத்துல அதே இடத்துல புருஷன் உடம்பும் புருஷனுக்குச் சொந்தமில்லைன்னு இருக்குதேம்மா. ஐயா கல்யாணத்துக்குக் கல்யாணம் ரெண்டையும் சேத்துத்தானே சொல்லுவார்."

"ஆமா."

"அப்படின்னா அவர் கை என்னோடது."

போதகரம்மா தலையசைத்தார்.

"நான் அதை இதுக்கு அனுப்பலைம்மா."

போதகரம்மாவின் கை போர்வையின் மேலேயே நின்றுவிட்டது. எழுந்து போகும்போது குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார். இதையெல்லாம் நாளைக்கு அங்க வச்சுச் சொல்லாதே, அவரால தாங்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். யாரால் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டைதான் அவளைக் கூட்டிவந்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே சபைக்கு வந்தார்கள். என் ரூம்ல ஒரு கட்டில்தான், நான் குறட்டை விடுவேன், அதைத் தாங்கிக்க முடியும்னா வா என்று சொல்லியிருந்தாள். மேலே ஏறி வரமாட்டேன் என்று டயர் கடைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்து, மற்றவர்கள் கீழே இறங்கியபின், கூடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். போதகரும் அவர் மனைவியும் ஒரு பக்கம். எதிரில் அவள். பக்கத்து நாற்காலியில் புருஷன். சுவரோரம் மாமியார். போதகர் அவளுடைய கைக்கட்டைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. நேற்றிரவு தூங்காத முகமாக இருந்தது. கோபத்தில் நடந்தது கோபத்தோடு போகட்டும், மூப்பர் என்னிடம் எல்லாவற்றையும் அறிக்கையிட்டு அழுதுவிட்டார், இனி கை நீட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். கர்த்தர் இணைத்ததைச் சபை பிரிந்து கிடக்க விடக்கூடாது என்றார்.

"விலகலை முடிக்க எனக்குச் சம்மதம்," என்றார் மூப்பர், கேட்பதற்கு முன்னாலேயே.

போதகர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா ஜெபம் பண்ணி முடிச்சுடலாம்மா."

சொல்லேன் என்று மாமியார் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பில் உறுதி இல்லை.

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது. மூப்பர் நாற்காலியிலிருந்து சரிந்து அவளுடைய காலில் விழுந்தார். இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, நான் பாவி, என்னை விட்டுடாதே, உன்னை விட்டா எனக்கு யாரும் இல்லை என்று விம்மினார். நாடகம் இல்லை. கண்ணீர் அவள் பாதத்தில் சூடாக விழுந்தது. வலது கண்ணும் சேர்ந்துதான் அழுதது. போதகர் எழுந்து நின்றுவிட்டார். போதகரம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

அவளுடைய புருஷனின் பிடரி அவளுக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில் இருந்தது. சட்டைக் காலருக்கு மேலே முடி நரைத்திருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள். அந்த நரையைத் தடவ வேண்டும்போல் இருந்தது. அடி வாங்கியபோதுகூட இப்படி உடைந்துபோய்ச் சம்மதித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. இவர் பாதத்தைத் தொடுவது எவ்வளவு மிருதுவாக இருக்கிறது. இவ்வளவு வருஷத்தில் இந்தக் கை இப்படிக் கெஞ்சித் தொட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு மூன்று பேர் கூட இருந்து பார்க்க வேண்டியிருந்தது. நாளைக்கு அந்த வீட்டில், சாத்திய கதவுக்குப் பின்னால், இது இருக்குமா? அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் தட்டுப்படவில்லை. வெறுப்பும் பெரிதாக இல்லை. நம்பிக்கையைத் தேடினாள். அது இன்னும் வளரவில்லை. ஒருவேளை ஒரு நாள் வளரலாம், வளராமலும் போகலாம். அதற்காகத்தான் இனி மன்றாட வேண்டும். அதற்குத் தனியாக இருக்க வேண்டும்.

"எந்திரிங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் குழந்தையினுடையதுபோல் கள்ளமில்லாமல் இருந்தது.

அவள் மெதுவாகத் தன் பாதங்களை அவருடைய கைகளிலிருந்து விடுவித்து, நாற்காலிக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் போதகர். "சம்மதம்தானே?"

"இல்லைங்க ஐயா," என்றாள் அவள். "என் ஜெபம் இன்னும் முடியல."